அண்ணன் பாடாத பாட்டு

“இது நான் பாடினது இல்லே, பாப்பா.”

தேவா அண்ணன் இதைச் சொன்னபோது டேப்பில் பாட்டு பாதிகூட ஓடியிருக்கவில்லை. ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் இரண்டாம் மாடி வீடு. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கரண்ட் பலவீனமாக வந்ததால் மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றியது. பாட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வந்தது. ட்ரம்பெட் வாத்து சிரிப்பதுபோல ஒலித்தது. அதன்மேல் ஒருவர் மூக்கால் பாடிக்கொண்டிருந்தார், டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல.

அண்ணன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் முப்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முன்தலை வழுக்கை, மூக்குக் கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா. எதிரே சுவரில் சாய்ந்தபடி என் வீட்டுக்காரர் கோவிந்தன். பர்மியர்கள் கொறிக்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டிலிருந்து வறுத்த பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். அண்ணன் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

“நீங்கதான் அண்ணே. தாகேதா கல்யாணத்துலே. கோடு போட்ட கோட்டு, வைக்கோல் தொப்பி, வாயிலே தகரக் குழல்.”

“தாகேதாவுலே நான் எந்தக் கல்யாணத்துலேயும் பாடினதில்லே.”

அவர் கேசட் உறையை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பினார். “நீ கடிதாசிலே எழுதற ஒரு வரியை வச்சுக்கிட்டு இதைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? கடைசியிலே ஒரு பழைய ரிக்கார்டு கடைக்காரர் கண்டுபிடிச்சுக் குடுத்தார். அவர்தான் இது எந்த வருஷத்துப் பாட்டுன்னு சொன்னார். நான் கப்பல் ஏறி ரெண்டு வருஷம் கழிச்சு வந்தது, பாப்பா. அப்போ நான் மெட்ராஸ்லே அரிசி மண்டியிலே மூட்டைக்கு நம்பர் போட்டுட்டு இருந்தேன். எனக்கு ஏது தொப்பி?”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சூட்கேஸில் இருந்த காகிதம்

ஒரு பாட்டு யார் பாடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் அண்ணன் எங்களைப் பார்க்க மட்டும் வரவில்லை, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் போட்டாதாங் ஜெட்டியில் கப்பல் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வேலையும் முடிந்து வீட்டில் இருந்தார். அண்ணன் சென்னையில் சொந்த வீடு கட்டி, மாடியில் எங்களுக்காக ஒரு அறையும் சமையல்கட்டும் போட்டிருந்தார். நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் சூட்கேஸில் இருந்தன. பத்து நாளில் அவர் திரும்ப வேண்டும். அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, “நீ போகணும்னா போவோம்” என்றார். “இருக்கணும்னா?” “இருப்போம்.” அவர் எப்போதுமே இப்படித்தான். மொகிங்கா வேண்டுமா, இட்லி வேண்டுமா என்று கேட்டாலும் எனக்கு இதே பதில்தான் கிடைக்கும்.

நான் போவதென்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்குக் காரணம் அந்தப் பாட்டு. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். சிறு வயதில் நான் பார்த்த எல்லா மனிதர்களிலும் அன்றைக்கு மேடையில் நின்று பாடியவர் மாதிரி சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை. அவர் என் அண்ணன். அவர் இருக்கிற இடத்துக்குப் போனால் நானும் கொஞ்சம் அப்படி ஆகிவிடலாம் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எங்கள் வீட்டில் தங்கவும் முடியவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் வீட்டில் இரவு தங்கக் கூடாது என்பது சட்டம். பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஜெட்டிப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் டாக்சி பிடித்து வந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போவார். “விருந்தாளியாவே செத்துப் போயிடுவேன்போல” என்று சிரிப்பார்.

பாட்டன் பாட்டு

அந்த மாதிரிப் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புதான். சங்கீதம் தெரியாது. வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் தலைமுடி வளர்த்த பையன்கள் மின்சார கிட்டாரை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவர்களில் சிலருக்குத் தங்கள் பாட்டன் காலத்து மேடைப் பாட்டுகள் மேல் ஆசை வந்துவிட்டது. ஒரே மேடையில் கோமாளி, குட்டிக்கரணம், பாட்டு, ஆட்டம் எல்லாம் நடக்கும் நாடகக் கொட்டகைகள் அங்கே ஒரு காலத்தில் இருந்தனவாம். அந்தப் பாட்டையும் பழைய ஜாஸையும் இவர்கள் எடுத்துத் திரும்பப் பாடினார்கள். புதிதாக எழுதினாலும் பழசு மாதிரியே எழுதினார்கள். மைக் இருக்கும்போதே மைக் இல்லாத காலம்போலத் தகரக் குழலில் பாடினார்கள். நல்ல ரிக்கார்டில் வேண்டுமென்றே கரகரப்பைச் சேர்த்தார்கள்.

அந்த ரிக்கார்டுகள் கப்பல் சிப்பந்திகள் வழியாக ஜெட்டிக்கு வரும். எங்கள் பையன்கள் ஐந்து பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். தேவா அண்ணன் கிட்டார். கோவிந்தன் தேயிலைப் பெட்டி. அதாவது, காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு மூங்கிலை நட்டு, ஒரே ஒரு கயிறு கட்டி இழுத்தால் தும் தும் என்று கேட்கும். அதுதான் அவருடைய வாத்தியம். கடைசியில், திரைக்குப் பக்கத்தில் நிற்பார். என்னைப் போலவே அவருக்கும் கூட்டம் என்றால் உதறல்.

எனக்கு ஒரு குழப்பம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பையன்கள் தாங்கள் பார்க்காத காலத்துக்கு ஏங்கிப் பாடினார்கள். நான் அவர்கள் பாடிய காலத்துக்கு ஏங்குகிறேன். அந்தப் பாட்டில் வருகிற கடற்கரையும் குடையும் எங்கள் யாருக்கும் சொந்தமில்லை. பிறகு ஏன் அதைக் கேட்டால் எனக்கு எதையோ தொலைத்ததுபோல இருக்கிறது? நான் எதைத்தான் தொலைத்தேன்?

அப்பாவின் கை

தாகேதா கல்யாணம் என் கண்ணில் இன்னும் இருக்கிறது. பசுண்டாங் ஓடையைத் தாண்டி, மூங்கில் பந்தல். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். நான் பெண்கள் பக்கம், ஒரு தூணுக்குப் பின்னால். மேடையில் கோடு போட்ட கோட்டுக்காரர். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டிச் சிவப்புச் சாயம் அடித்த குழலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடினார். ஒரு காலால் மற்றக் காலைத் தட்டிவிட்டுத் தானே விழப் போவார், விழ மாட்டார். பெண்கள் பக்கம் சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரை ஏறிவிட்டது.

அப்போது அப்பா எழுந்தார்.

அப்பா வெள்ளைக்காரர்கள் காலத்தில் அவர்களுடைய கிளப்பில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். எழுந்தவர் வரிசை வரிசையாகப் போய்க் காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நாலு நாலாக விரலிடுக்கில் கோத்துக்கொண்டு, முதுகைச் சற்றே வளைத்துக்கொண்டு. விருந்துக்கு வந்தவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் ஓடி வந்து தடுத்தார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னா செய்யறீங்க? உக்காருங்க!” என்றாள்.

அப்பா கையைப் பார்த்தார். “அந்தப் பாட்டு வந்தா எடுக்கணும்” என்றார். “அந்தப் பாட்டுக்கு அப்புறம் துரைங்க கெளம்பிருவாங்க.”

உட்கார்ந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. மகன் பாடுகிறான் என்ற பெருமையில் அழுகிறார் என்று நான் நினைத்தேன். பிறகு பல வருஷம் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.

ஆனால் அது புதுப் பாட்டு. அப்பாவின் கிளப் காலத்தில் அது பிறக்கவே இல்லை. இல்லாத பாட்டை அப்பா எப்படி அடையாளம் கண்டுகொண்டார்? அவரைக் கேட்க முடியாது. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது.

போனவர்கள் பேரில்

எங்கள் ஆட்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பிய பிறகு, ரங்கூனில் மிச்சம் இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. எங்களைத் தவிர வேறு யாருக்காவது இது இருக்குமா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எது நன்றாக இருந்தாலும் அதைக் கப்பலில் போனவர் செய்ததாகச் சொல்லிவிடுவோம்.

பக்கத்து வீட்டில் ஒரு மாமரம். அதை நட்டது இந்தியாவுக்குப் போன சித்தப்பா என்பார்கள். சித்தப்பா போகும்போது அந்த இடம் வெறும் சேறு என்று என் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் எதிர்த்துப் பேச மாட்டாள். அவளும் எங்கள் வீட்டு அலமாரியைத் தேவா செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தவர் தெருக்கோடிச் சீனத் தச்சர். போனவர்களிடமிருந்து கடிதம்தான் வரும். மரமும் அலமாரியும் அவர்கள் பேரில் இருந்தால் வீட்டில் அவர்களும் இருக்கிற மாதிரி.

தாகேதா பாட்டையும் அம்மாதான் முதலில் அண்ணன் பேரில் சொல்லியிருக்க வேண்டும். கப்பல் புறப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கல்யாணம் நடந்தபோது பன்னிரண்டு. என் மனசுக்குள் அவை இரண்டும் எப்போது இடம் மாறின? பாடிவிட்டு அடுத்த வாரம் கப்பல் ஏறினார் என்றுதான் எனக்கு ஞாபகம். அம்மா அப்படிச் சொல்லக் கேட்டேனா, நானே பார்த்தேனா?

அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். “அந்தக் கோட்டு உங்களுதுதானே அண்ணே? நீலக் கோடு போட்டது?”

“ஆமா, என்னுதுதான். கப்பல்லே இவ்வளவுதான் சாமான்னு சொல்லிட்டாங்களே. அதைக் கோவிந்தன்கிட்டே குடுத்துட்டுப் போயிட்டேன்.” சொல்லிவிட்டு அண்ணன் நிறுத்தினார். எதிரே பார்த்தார். “டேய் மாப்ளே.”

வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார்.

தேயிலைப் பெட்டிக்காரர்

“நீயாடா?” என்றார் அண்ணன்.

“யாராவது பாடணும்ல.”

“உனக்குத்தான் நாலு பேரைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குமே!”

“முகத்தை மூடிக்கிட்டா ஒட்டாது.” வீட்டுக்காரர் இரண்டு கையையும் குவித்து வாயின்மேல் வைத்துக் காட்டினார். “குழல் இருந்துச்சுல்ல. உள்ளே இருட்டு. ஒருத்தரும் தெரிய மாட்டாங்க.”

அண்ணன் பாயில் சாய்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணாடி கழன்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். டீ போடுவதுபோல அடுப்பின் முன் நின்றேன். சற்று நேரத்தில் அவரும் வந்து வாசலில் நின்றார்.

“இருபது வருஷம் உங்ககூடக் குடித்தனம் பண்றேன்” என்றேன். “எத்தனை தடவை உங்ககிட்டேயே சொல்லியிருப்பேன்? அண்ணன் நல்லாப் பாடினார் இல்லையான்னு கேப்பேனே. ஹோத்தேன்னு சொல்வீங்களே!” ஹோத்தே என்றால் பர்மியில் ஆமாம்.

“நல்லாத்தானே இருந்துச்சு.”

“விளையாடாதீங்க. ஏன் சொல்லலே?”

அவர் கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். பதில் யோசிக்கும்போது செய்கிற வேலை அது. “கல்யாணமான புதுசுலே சொல்லலாம்னு பார்த்தேன். நீ அன்னிக்கு அதைச் சொல்லி முடிச்சுட்டு, அண்ணன் ஞாபகமா எனக்கு இது ஒண்ணுதான் இருக்குன்னு அழுதே. நடுவுலே புகுந்து, ஏம்மா, அது நான்தான்னு சொல்றதா?”

“அப்புறமாவது?”

“அப்புறம் வருஷத்துக்கு நாலு தடவை நீ சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்திருச்சு. தேவாதான் பாடினானோன்னு.” அவர் தலையைச் சொறிந்தார். “மெய்யாத்தான் சொல்றேன். அந்தக் குழலுக்குள்ளே நான் இருந்த மாதிரியும் இருக்கு, வெளியே நின்னு பார்த்த மாதிரியும் இருக்கு.”

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, நான் யாரைத் தேடிக்கொண்டிருந்தேனோ அவரிடமே போய் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

“எங்கே, இப்போ ரெண்டு வரி பாடுங்க” என்றேன்.

அவர் பயந்து போனார். கூடத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மூக்கால் ஒரு வரி பாடினார். அவர் குரல் எனக்குத் தெரியும், தினமும் கேட்கிற குரல். தாகேதாவில் கேட்டது இதுதானா என்று கண்ணை மூடிக் கேட்டேன். இதுவாக இருக்கலாம் என்று இருந்தது. இல்லாமலும் இருக்கலாம் என்று இருந்தது. டீத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பக்கத்து வீட்டு டோ டின் எட்டிப் பார்த்து, “கோ மியின்ட்டுக்கு உடம்பு சரியில்லையா?” என்று பர்மியில் கேட்டாள். வெளியில் வீட்டுக்காரருக்கு அதுதான் பர்மியப் பேர்.

அண்ணன் கேட்ட கேள்வி

அதற்குப் பிறகு நாலு நாள் நான் அண்ணனிடம் முடிவைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. ஊரைச் சுற்றினோம். அவருக்கு எந்தத் தெருவும் சரியாக அடையாளம் தெரியவில்லை.

அவர் புறப்படுவதற்கு முதல் நாள் படிவங்களை எடுத்துப் பாயில் வைத்தார். மேலே மூன்று பேனாவில் ஒன்றையும் வைத்தார்.

“நாங்க வரலே அண்ணே” என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் உடம்புக்கு வெயில் ஆகாது, எனக்கு அங்கே யாரையும் தெரியாது, இப்படி ஏதேதோ. அண்ணன் காரணம் கேட்கவில்லை. படிவங்களை அடுக்கி உறைக்குள் போட்டார். பேனாவைப் பைக்குள் வைத்தார்.

“அப்போ நான் என்ன செஞ்சேன், பாப்பா?” என்றார்.

“என்ன அண்ணே?”

“நீ எழுதின கடிதாசு எல்லாத்துலேயும் அந்தப் பாட்டுதானே இருக்கும். நான் இல்லே, நான் இல்லேன்னு ஒவ்வொரு தடவையும் எழுத நினைப்பேன். தங்கச்சி மனசுலே நல்லபடியா இருக்கேனே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன். இப்போ அதை மாப்ளேகிட்டே குடுத்தாச்சு. சரிதான், அவனுதுதான். ஆனா எனக்குன்னு உன்கிட்டே வேற ஏதாவது இருக்கா? நான் இங்கே இருபத்தோரு வருஷம் இருந்திருக்கேனே. ஏதாவது ஒண்ணு?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், பாயில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். பத்து வயதுவரை ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவருடைய கிட்டார் நினைவில் வந்தது, அதை வாசித்த கை வரவில்லை. கதவைச் சாத்துகிற சத்தம் வந்தது. சாத்தியது அவரா, அப்பாவா? அந்த ஒரு பாட்டு மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அதை எடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“ஓடைப் பாலம்” என்றேன்.

“எந்தப் பாலம்?”

“பசுண்டாங் ஓடை. மழை. பாலத்து மேலே முழங்கால் தண்ணி. நான் பயந்து அழுதேன். நீங்க என்னை முதுகுலே தூக்கிக்கிட்டுப் போனீங்க. செருப்பை நான் கையிலே பிடிச்சுக்கிட்டேன்.”

சொல்லும்போதே என் காது சூடாகிவிட்டது. எங்கிருந்து வந்தது அது? முதுகில் போனது ஞாபகம் இருக்கிறது. ஈரச் சட்டையின் வாசனைகூட இருக்கிறது. அந்த முதுகு யாருடையது?

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு அது நினைவில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அப்போது சுவரோரம் இருந்த வீட்டுக்காரர், “ஹோத்தே” என்றார். “நானும்தான் பின்னாடி வந்தேன், தேயிலைப் பெட்டியைத் தலையிலே வச்சுக்கிட்டு. ஒரு செருப்பு தண்ணியிலே விழுந்திருச்சு. தேவா, நீதான் அதைப் புடிக்கப் போய் விழப் பார்த்தே.”

அண்ணன் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

“ஆமா” என்றார். “ஆமாடா. பச்சைச் செருப்பு!”

“பச்சைதான்” என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் அந்த மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம், பாலத்தில் எத்தனை பலகை இல்லை, அந்தச் செருப்பு எந்தப் பக்கமாக மிதந்து போனது என்றெல்லாம். அண்ணன் எழுந்து நின்று, என்னை எப்படித் தூக்கினார் என்று குனிந்து காட்டினார். டாக்சி வந்து ஹார்ன் அடிக்கும்வரை பேச்சு நிற்கவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது அவருடைய கடிதம் ஒவ்வொன்றிலும் அந்தச் செருப்பு வருகிறது. நானும் பதில் எழுதுகிறேன். வீட்டுக்காரரைக் கேட்டால் நடந்ததுதான் என்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. அந்த வயதில் நான் வெறுங்காலோடுதான் எங்கேயும் போய்வந்தேன் என்று ஒரு நினைப்பு. அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.